ஆப் வழியா ஆச்சிக்கு அனுப்பின போட்டோ கார்டு: தமிழ் உடையுது, இன்னொண்ணு போய்ச் சேரவே இல்ல

புதூர்ப் பேரன்:

வணக்கம் மக்களே. நான் ஜெர்மனியில இருக்கேன். எங்க ஆச்சிக்கு 81 வயசு, திருநெல்வேலிப் பக்கம் புதூர். காது சரியாக் கேக்காது, அதனால போன் பேசினா பாதி நேரம் "என்னலே, என்னலே"ன்னே போயிரும். ஆனா கடுதாசின்னா உயிரு. தாத்தா காலத்துல இருந்து வந்த கார்டையெல்லாம் கம்பியில குத்தி உத்தரத்துல தொங்க விட்டிருக்கா. சரி, அந்தக் கம்பிக்கு நாமளும் ஒண்ணு அனுப்புவோம்னு ஒரு ஆப்பைப் பிடிச்சேன். போட்டோவை ஏத்தி, பின்பக்கத்துக்கு நாலு வரி அடிச்சு, விலாசம் கொடுத்தா போதும், அவங்களே அச்சடிச்சுத் தபால்ல போட்டுருவாங்க.

ரெண்டு கார்டு அனுப்பினேன். ரெண்டும் சொதப்பல்.

முதல் கார்டு 23 நாள்ல போச்சு. ஆனா "உங்க பேரன்"னு அடிச்சது "உங்க பரேன்"னு வந்திருக்கு. "பேசணும்" எல்லாம் "பசேணும்". ஆப்ல முன்னோட்டம் பார்த்தப்ப ஒழுங்காத்தான் இருந்துச்சு! படமும் மங்கல், ஓரத்துல நின்ன சித்தப்பா பாதி ஆளா இருக்கார். இதுல பெரிய கூத்து, "கிளாசிக்"னு ஒரு சட்டம் தேர்ந்தெடுத்திருந்தேன், சுத்திக் கருப்புப் பட்டை. தபால்காரர் நீட்டினதும் ஆச்சி கையில வாங்கலையாம். வாசல்லயே நின்னு "யாரு போயிட்டா?"ன்னு கேட்டிருக்கா. அம்மா போய் படிச்சுச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குள்ளயே விட்டாளாம்.

ரெண்டாவது கார்டு போட்டு 7 வாரம் ஆச்சு. போகவும் இல்ல, திரும்பி வரவும் இல்ல. அடுத்த மாசம் ஆச்சி பிறந்தநாள். மூணாவதாவது உருப்படியா போகணும். யாராவது வழி சொல்லுங்க.

மாடிவீட்டு மணி:

அந்த ஆப்காரங்க கஸ்டமர் கேர்ல கேட்டீங்களா?

புதூர்ப் பேரன்:

கேட்டேன். "அனுப்பியாச்சு, சாதா கார்டுக்கு டிராக்கிங் கிடையாது, வேணும்னா ஒரு கார்டு இலவசமா தர்றோம்"னாங்க. அந்த இலவசக் கார்டுதான் கையில இருக்கு. அதையும் வீணாக்கக் கூடாது.

கொம்பு சுழி:

பரேன் சார், உங்க தமிழ்ச் சிக்கலை நான் எடுத்துக்கிறேன்.

நாம "பே"ன்னு அடிச்சா உள்ளே முதல்ல ப, அதுக்கு அப்புறம் இரட்டைக் கொம்பு, இந்த வரிசையிலதான் சேமிக்கும். அந்தக் கொம்பைத் தூக்கி ப-வுக்கு முன்னாடி நிறுத்துறது எழுத்தை வரையுற மென்பொருளோட வேலை. உங்க போன் அதைச் செய்யுது, அதான் முன்னோட்டம் சரியா இருந்துச்சு. அச்சுக்கு பிடிஎஃப் தயாரிக்கிறது அவங்க சர்வர். அங்க அந்த வேலை நடக்கல. கொம்பு ப-வுக்குப் பின்னாடியே நின்னு, அடுத்து வர்ற ர-வோட ஒட்டிக்கிச்சு. பேரன் பரேன் ஆன கதை இதுதான். வெறும் கட்டம் கட்டமா வந்திருந்தா தமிழ் எழுத்துருவே இல்லன்னு அர்த்தம். உங்களுக்கு எழுத்துரு இருக்கு, கோக்கத்தான் ஆள் இல்ல.

இதை நம்ம பக்கம் இருந்து சரி பண்ண முடியாது. பாமினிங்கிற பழைய யூனிகோட் இல்லாத எழுத்துருவுக்கு மாத்தி ஒட்டிப் பார்க்கலாம்னு தோணும், வேண்டாம், இங்கிலீஷ் எழுத்தா கொட்டும். தமிழை எழுத்தா அனுப்பாதீங்க, படமா அனுப்புங்க. வெள்ளைத் தாள்ல கையால எழுதி, பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து, முன்பக்கப் படத்துக்குக் கீழேயே ஒட்டிச் சேர்த்து ஒரே படமா ஏத்திருங்க. பின்பக்கம் சும்மா பேரும் தேதியும் இங்கிலீஷ்ல இருந்தாப் போதும். ஆச்சிக்கும் உங்க கையெழுத்து கிடைச்ச மாதிரி ஆச்சு.

சிவகாசி ஆஃப்செட்:

படம் எங்க இருந்து எடுத்தீங்க? வாட்ஸ்அப் குடும்பக் குரூப்தானே? அளவு என்னன்னு பாத்துச் சொல்லுங்க.

புதூர்ப் பேரன்:

ஆமாண்ணே, குரூப்ல வந்ததுதான். 1280 x 720.

சிவகாசி ஆஃப்செட்:

நினைச்சேன். ஐரோப்பாவுல கார்டுன்னா பெரும்பாலும் ஏ6, 148 x 105 மி.மீ. அது 300 டிபிஐ-ல, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில, சுத்தமா விழணும்னா 1748 x 1240 பிக்சல் வேணும். உங்க படம் அகலவாட்டுப் படம், 16:9. உயரத்துக்கு 720-ஐ வெச்சா கார்டுக்கு 174 டிபிஐ-தான் தேறும், மங்கத்தான் செய்யும். அந்த உயரத்துக்கு அகலத்துல சுமார் 1015 பிக்சல்தான் கார்டுல நிக்கும். மீதி 265 ரெண்டு பக்கமும் வெட்டுல போச்சு. சித்தப்பா அங்கதான் போனார்.

எடுத்தவர் போன்ல இருக்கிற மூலப் படத்தையே கேளுங்க. வாட்ஸ்அப்லதான் அனுப்புவார்னா போட்டோவா வேண்டாம், டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க, சுருக்காது. பெரும்பாலான போன் கேமரா 4:3, கார்டோட வாட்டத்துக்குக் கிட்டத்தட்ட பொருந்தும். அப்பவும் மேலயும் கீழயும் சேர்த்து 6 மி.மீ. போயிரும். அதுக்கு மேல கட்டிங்ல நாலு பக்கமும் 3 மி.மீ. போகும்னு கணக்கு வெச்சு தலை, கால், எழுத்து எதையும் விளிம்புல வைக்காதீங்க.

அப்புறம் தம்பி, அந்தக் கருப்புப் பட்டை. எங்க பிரஸ்ல ஓரத்துல கருப்பு அடிச்சா அது கருமாதிப் பத்திரிகை. உங்க ஆச்சி கேட்டதுல தப்பே இல்ல. சட்டமே வேண்டாம்னு தட்டி விடுங்க. இல்ல, நாலு மூலைக்கும் நீங்களே படத்துலயே மஞ்சள் நிறம் போட்டு ஏத்துங்க. அந்தக் காலத்துல நல்ல சேதிக் கார்டுல மஞ்சள் தடவி அனுப்பின மாதிரி இருக்கும்.

பழைய பிபிஎம்:

தம்பி, நான் கிளை அஞ்சலகத்துல போஸ்ட் மாஸ்டரா இருந்து ஓய்வு பெற்றவன். ரெண்டாவது கார்டுக்கு விலாசம் எப்படி அடிச்சீங்கன்னு வரி வரியாச் சொல்லுங்க. வீட்டு நம்பரும் ஆச்சி பேரும் இங்க போட வேண்டாம்.

புதூர்ப் பேரன்:

இப்பதான் ஆர்டரைத் திறந்து பார்த்தேன் ஐயா. பேரு, தெரு, அடுத்த வரியில பின்கோடு, புதூர், இந்தியா. அய்யய்யோ, பின்கோடுல 5 எண்தான் இருக்கு! கடைசி எண்ணைக் காணோம். ஜெர்மனியில 5 இலக்கம்தான். நாட்டைத் தேர்வு பண்றதுக்கு முன்னாடியே பின்கோடை அடிச்சிருக்கேன் போல, ஆறாவதை அது வாங்கிக்கல.

பழைய பிபிஎம்:

அதேதான். 6-ன்னா தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு. 627-ன்னா திருநெல்வேலி, தென்காசி வட்டாரம். அதனால கார்டு திருநெல்வேலி வரைக்கும் வந்திருக்கும். அதுக்கு மேல எந்த ஆபீஸ்னு சொல்றது கடைசி மூணு எண். உங்க கார்டுல அதுல ரெண்டுதான் இருக்கு. ஊர்ப் பேரைப் பார்க்கலாம்னா, புதூர்! தடுக்கி விழுந்தா ஒரு புதூர். ஒரே பேர்ல பல ஊர் இருக்கிற இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15-ல பின்கோடையே கொண்டு வந்தாங்க.

அனுப்புநர் விலாசம் போட்டிருக்க மாட்டீங்க, அதான் திரும்பியும் வரல. ஆப் கார்டுல அதுக்கு இடமும் இருக்காது.

அடுத்த தடவை முதல்ல நாட்டைத் தேர்வு பண்ணுங்க. ஊர்ப் பேருக்கு அடுத்து உங்க துணை அஞ்சலகத்தோட பேரைப் போட்டு "வழி"ன்னு எழுதுவோமே, அந்த வரி கட்டாயம் வேணும். அப்புறம் தாலுகா, மாவட்டம், 6 எண், கடைசி வரியில நாடு. எல்லாம் இங்கிலீஷ்ல. பணம் கட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கத்தை ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

புதூர்ப் பேரன் (ஆறு வாரம் கழிச்சு):

போய்ச் சேந்துருச்சு! 19 நாள், பிறந்தநாளைக்கு ரெண்டு நாள் முன்னாடி. சித்தப்பா முழு ஆளா இருக்கார். மூலையில மஞ்சள் வெச்சேன், ஆச்சி அதைத் தொட்டுப் பார்த்து "ஒட்டலையே"ன்னாளாம். தபால்தலை இல்லாம ஏதோ அச்சு மட்டும் இருக்கே, ரெட்டிப்புக் காசு கட்டணுமோன்னு ஒரு பயம். அந்த அச்சுதான் தபால்தலைக்குப் பதில்னு தபால்காரரே சொல்லிட்டார். இப்ப கார்டு கம்பியில. குத்தினது சரியா என் வயித்துல.

பிபிஎம் ஐயா, ஒரு கேள்வி. ஆச்சி பதில் போடணுமாம். வீட்டுல இருக்கிற 50 காசு கார்டுல எழுதினா இங்க வருமா?

பழைய பிபிஎம்:

வராது தம்பி, அது உள்நாட்டுக்குத்தான். வேற அட்டையில எழுதி, அதை அம்மாவை போஸ்ட் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, வெளிநாட்டுக்கு எவ்வளவுன்னு கேட்டு தபால்தலை ஒட்டி, மேல "ஏர் மெயில்"னு எழுதிக் கொடுக்கட்டும். உங்க விலாசத்தை இங்கிலீஷ்ல பெருசா அச்செடுத்து அனுப்புங்க, ஒட்டிக்கிடுவாங்க. அங்க தெருவுக்கு அப்புறம்தான் வீட்டு நம்பர் வரும், மாத்தி எழுதிடப் போறாங்க.