கட்டில் இருந்த இடத்துலயே இருக்கட்டும்

குழு: பாட்டி வீட்டு வேலை

குமார்: பாட்டி ரூம்ல கட்டிலை ஜன்னல் பக்கமா திருப்பிப் போட்டா பாத்ரூம் இன்னும் கிட்ட வந்துரும். நாளைக்கு ஆள் வராங்க, திருப்பிடலாமா?

உமா அக்கா: வேண்டாம்டா. ராத்திரி எழுந்தா கண்ணு வழி காட்டறதில்ல, காலுதான் காட்டுது. கட்டில்லேர்ந்து எத்தனை எட்டு, எந்தக் கைப்பக்கம் கதவுன்னு பாட்டி உடம்புக்குத் தெரியும். திருப்பிட்டா தூக்கக் கலக்கத்துல பழைய வழியிலயே நடந்து சுவர்ல முட்டிப்பாங்க. ஞாபகம் தடுமாற ஆரம்பிச்ச பிறகு புது வழி சுலபத்துல பதியாது.

குமார்: அப்போ எதைத்தான் மாத்தறது?

உமா அக்கா: வெளிச்சத்தையும் பிடிமானத்தையும். 60 வயசுக் கண்ணுல விழித்திரைக்குப் போய்ச் சேர்ற வெளிச்சம், 20 வயசுல போனதுல சுமாரா மூணுல ஒரு பங்குதான். கண்ணுப் பாப்பா சுருங்கிடும், கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாயிடும். கருநீலமும் கருப்பும் ஒண்ணாத் தெரியும். வெள்ளைத் தரையில வெள்ளைக் கமோடு எங்க ஆரம்பிக்குதுன்னே புரியாது. பாட்டிக்கு 80 தாண்டியாச்சு.

அத்தை: பெரிய பல்பா ஒண்ணு மாட்டிட்டா போச்சு.

உமா அக்கா: ஒரே பல்பு கூசும் அத்தை. கண்புரை இருந்தா அந்த வெளிச்சம் கண்ணுக்குள்ளயே சிதறி இன்னும் மங்கும். 9 வாட் எல்இடி ரெண்டு, எதிரெதிர்ச் சுவர்ல, மூடி போட்டு. அப்பதான் அவங்க நிழல் அவங்க காலடியில விழாது. ராத்திரிக்குக் கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் முழங்காலுக்குக் கீழ சின்ன மஞ்சள் விளக்கு, ஆள் நடந்தா தானா எரியற மாதிரி. ட்யூப்லைட் போட்டு அணைச்சா கண்ணு இருட்டுக்குப் பழக ரொம்ப நேரமாகும். விழறது அந்த இடைவெளியிலதான்.

சித்தப்பா: கைப்பிடி நான் சொல்றேன். துண்டு போடற கம்பியைப் பிடிச்சு எழுந்தா கம்பியோட சேர்ந்து விழ வேண்டியதுதான். காத்தை உறிஞ்சி ஒட்டற ரப்பர் பிடியும் உடம்பு எடை தாங்காது. 32 முதல் 38 மி.மீ. தடிமன்ல ஸ்டீல் கம்பி வாங்கு. சுவருக்கும் கம்பிக்கும் நடுவுல 4 செ.மீ. போதும், கூடினா கை நழுவி முழங்கை வரைக்கும் மாட்டிக்கும். தரையிலேர்ந்து 85–90 செ.மீ. உயரம்.

குமார்: டைல்ஸ் விரிசல் விடாம எப்படி?

சித்தப்பா: டேப் ஒட்டி அதுமேல குறி போடு, ட்ரில் மிஷின் பிட் வழுக்காது. டைல்ஸ் பிட்டை வெச்சு மெதுவாத் துளை போடு, இடிச்சு இடிச்சுத் துளைக்கற ஹாமர் மோடு இல்லாம. டைல்ஸ் தாண்டினதுக்கப்புறம் பிட்டை மாத்தி ஹாமரைப் போடு. டைல்ஸும் பூச்சும் சேர்ந்து 2.5–3 செ.மீ. வரும், அதுல பிடி கிடையாது. அதைத் தாண்டி செங்கல்லுக்குள்ள 5 செ.மீ. போகணும், ஆக 8 செ.மீ. ஸ்க்ரூ. வர்ற தூளைப் பாரு. சிவப்பா கொட்டினா கல்லு. சாம்பல் நிறத்துலயே கொட்டிட்டு இருந்தா ரெண்டு கல்லுக்கு நடுவுல கலவையில போயிட்டே, அந்த ஓட்டையை விட்டுட்டுத் தள்ளிப் போடு. மாட்டினதும் உன் முழு எடையும் போட்டு இழுத்துப் பார்த்துட்டுதான் பாட்டியைப் பிடிக்கச் சொல்லணும்.

அத்தை: கூடத்துல பழைய தரை மேலயே வழுக்காத டைல்ஸ் ஒட்டிடலாமா?

சித்தப்பா: ஒட்டாதேம்மா. தரை 1.5 செ.மீ.க்கு மேல ஏறிடும். மாடிப்படி கடைசிப் படி மட்டும் அவ்வளவு குட்டையாயிடும். கால் பழைய ஆழத்துக்கே இறங்கும், தரை முன்னாடியே வந்து இடிக்கும். படிக்குப் படி 1 செ.மீ. மாறினாலே தடுமாறும். படி ஓரத்துல 5 செ.மீ. அகலத்துக்கு வழுக்காத பட்டை, படி நிறத்துக்கு எதிர் நிறத்துல ஒட்டினா போதும்.

உமா அக்கா: படி இறங்கறப்போ அந்த ரெட்டைப் பவர் கண்ணாடி வேண்டாம். கீழ்ப்பாதி கிட்டப் பார்க்கிற பவர், அதுவழியா படி ஓரம் கலங்கித் தெரியும். தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒண்ணு இருக்கட்டும்.

குமார்: பாத்ரூம் குழாய் கசியுது, லீவர் மாடல் போட்டுடட்டுமா?

உமா அக்கா: திருகற குழாயே போடு, அதே இடத்துல. லீவரைத் திருகிப் பார்த்துட்டு தண்ணி வரலைன்னு திரும்பிடுவாங்க. ஸ்விட்சும் அப்படித்தான், இடம் மாறக் கூடாது. ஆனா கதவை மாத்தணும். இப்ப உள்பக்கமாத் திறக்குது, உள்ள விழுந்தா உடம்பே கதவை அடைச்சுக்கும். வெளிப்பக்கமாத் திறக்கற மாதிரி கீலை மாத்தச் சொல்லு. தாழ்ப்பாள் வெளியிலேர்ந்தும் திறக்கணும்.

குமார்: சரிக்கா. கமோடு உயரம்?

உமா அக்கா: பாட்டியை நாற்காலியில உட்கார வை. வெறுங்கால், பாதம் முழுசாத் தரையில. முழங்கால் மடிப்புலேர்ந்து தரை வரைக்கும் அள.

குமார்: 41 செ.மீ. கமோடு 38.

உமா அக்கா: 5 செ.மீ. உயர்த்தற சீட் வாங்கு. 10 வேண்டாம், கால் தரையில படியாம தொங்கும்.

குமார்: சரி. கட்டிலுக்கு வரச் சொன்ன ஆளையே கதவுக்கு வரச் சொல்லிடறேன்.