மைவி காரின் (காடியின்) உயரத்தை வீட்டு போர்ச்சில் வைத்தே இறக்கலாமா? லோவரிங் ஸ்பிரிங் மாட்டியவர்களும் வேண்டாம் என்பவர்களும்

ஜெலுத்தோங் வெள்ளை மைவி (ஞாயிறு காலை)

நேற்று என் 2013 மைவியில் நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றி, காடியைத் தாழ்த்தும் குட்டையான லோவரிங் ஸ்பிரிங்காக வீட்டு போர்ச்சிலேயே மாற்றிவிட்டேன். 35 மில்லிமீட்டர் இறக்கம். நானும் மச்சானும் காலை 9 மணிக்கு ஆரம்பித்தோம், சாயங்காலம் 4 மணிக்கு முடிந்தது. ஜேக், இரண்டு ஸ்டாண்ட், ஸ்பேனர் செட் எல்லாம் இருந்தது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெசர் மட்டும் ஆன்லைனில் ஒரு ஜோடி 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன்.

யார் கேட்டாலும் “இதை வீட்டில் தொடாதே” என்றுதான் இந்தக் குழுவில் பதில் வருகிறது. செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பயப்பட ஒன்றும் இல்லை. பொறுமை இருந்தால் போதும்.

பிறை போமன்

தம்பி, காயம் இல்லாமல் முடிந்தது சந்தோஷம். ஆனால் “பயப்பட ஒன்றும் இல்லை” என்பதை ஒரு போமனாக (மெக்கானிக்காக) நான் ஏற்க மாட்டேன். நாளைக்கு இதைப் படித்துவிட்டு இன்னொரு பையன் கம்ப்ரெசர் வாங்கப் போவான்.

முன்பக்க ஸ்பிரிங், அதிர்வைத் தாங்கும் அப்சோர்பரோடு சேர்ந்தே இருக்கும். மேல் நட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ பாரம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 15 சென்டிமீட்டர் அமுங்கிய ஸ்பிரிங்கில் 300 கிலோ அழுத்தம் நிற்கிறது. அது ஒரே அடியாக விடுபட்டால், 10 கிலோ அரிசி மூட்டை இரண்டு மீட்டருக்கு மேலிருந்து விழும் அடிக்குச் சமம். மூட்டையாவது மெத்தென்று விழும், இது இரும்பு.

மலிவான கம்ப்ரெசரில் கொக்கி வழுக்கும். இரண்டையும் நேரெதிரே மாட்டாமல் ஒரு பக்கம் அதிகமாக முறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளையும். அப்படி வளைந்ததைப் பார்த்தும் தொடர்ந்து முறுக்கியவர்களை எனக்குத் தெரியும். பல வருடம் முன்னால் என்னோடு வேலை செய்த ஒருவருக்கு இடது கட்டைவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

பாயான் லெப்பாஸ் ஸ்பேனர்

அண்ணே சொன்ன ஆபத்து உண்மை. ஆனால் அது எந்த இடத்தில் என்று சரியாகச் சொன்னால்தான் படிப்பவர்களுக்கு உதவும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும்போதுதான் அதிக ஆபத்து. லோவரிங் ஸ்பிரிங் குட்டை என்பதால், போடும்போது பெரும்பாலும் கொஞ்சம் அமுக்கினாலே போதும்.

அப்புறம் பின்பக்கம். மைவியில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டோர்ஷன் பீம். ஸ்பிரிங் தனி, அப்சோர்பர் தனி. அப்சோர்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, பீமை ஜேக்கில் தாங்கி மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும், கம்ப்ரெசரே வேண்டாம். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் சரி. இதற்கு எதற்கு வொர்க்‌ஷாப்?

கடையில் கொடுத்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. என் முந்தைய காடிக்கு ஒரு கடையில்தான் ஸ்பிரிங் மாட்டினேன். இரண்டு மாதத்தில் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் அடி விழுந்தது. பிரித்துப் பார்த்தால் அடி தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பே இல்லை. கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை. வீட்டில் செய்பவன் தன் காடிக்கு அப்படிச் செய்வானா?

ஆயர் ஈத்தாம் அக்கா

நான் கேட்பது வேறு. எதற்காக இறக்க வேண்டும்? என் தம்பியும் இப்படித்தான் இறக்கினான். அப்பாவுக்கு இரண்டு முட்டியும் வலி. முன்பெல்லாம் காடியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு தானாக எழுவார். இப்போது நான் வெளியே நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்தால்தான் எழ முடிகிறது. மூன்று விரல் உயரம்தான் குறைந்தது, ஆனால் அவருக்கு அது பெரிய வித்தியாசம். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வேகத்தடை பம்ப் வேறு ஆறு இருக்கிறது. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் முதலில் அவர்களை உட்கார்த்தி எழுப்பிப் பாருங்கள், பிறகு ஸ்பிரிங் வாங்குங்கள்.

ஜெலுத்தோங் வெள்ளை மைவி (ஞாயிறு இரவு)

அக்கா, என் காடியில் நான் மட்டும்தான். பத்து பெரிங்கி சாலை வளைவுகளில் காடி ஒரு பக்கமாகச் சாய்வது எனக்குப் பிடிக்கவில்லை, அதற்காகத்தான் இறக்கினேன்.

அண்ணே, ஒரு விஷயம். இன்று பார்க்கிங்கில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பினால் இடது பக்கம் “டங்” என்று சத்தம் வருகிறது. ஓடும்போது இல்லை. ஸ்டீரிங்கும் நேராகப் போகும்போது கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் ஒரு வாரம் கழித்து, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு செய்யச் சொன்னார்கள். அதுவரை ஓட்டலாமா?

பிறை போமன்

ஓட்ட வேண்டாம். அந்தச் சத்தம் அநேகமாக ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காராததால் வருகிறது. ஸ்பிரிங் உட்காரும் கீழ்த் தட்டில் ஒரு படி இருக்கும். ஸ்பிரிங்கின் கீழ் முனை அந்தப் படியில் வந்து முட்ட வேண்டும். முட்டாமல் ஒரு விரல் தள்ளி நின்றால், ஸ்டீரிங் திரும்பும்போது ஸ்பிரிங் முறுகி, பிறகு ஒரு குதி குதித்துத் தளரும். அதுதான் “டங்”. மேலே இருக்கும் பேரிங்கைத் தலைகீழாகப் போட்டாலும் இப்படி வரும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

அலைன்மெண்டுக்கு ஒரு வாரம் காத்திருக்கச் சொல்வது பழக்கம், ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். காடி இறங்கினால் கேம்பர் (சக்கரம் மேலே உள்ளே வெளியே சாயும் அளவு) மாறும், டோவும் (சக்கரத்தின் முன்முனை உள்ளே வெளியே திரும்பும் அளவு) மாறும். டயரின் உள்பக்கத்தைச் சீக்கிரம் தின்பது டோதான். மாட்டிய அன்றே ஒரு முறை பார்த்துவிட்டு, உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி. சக்கரத்தைக் காடியோடு இணைக்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டைத் தளர்த்தி, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது திரும்ப இறுக்கினீர்களா?

ஜெலுத்தோங் வெள்ளை மைவி

இல்லை. அதைத் தொடவே இல்லை.

பிறை போமன்

அப்படியானால் அந்த ரப்பர் பழைய உயரத்துக்குப் பிடித்த நிலையிலேயே நாள் முழுக்க முறுகி நிற்கிறது. உடனே ஒன்றும் தெரியாது. நாளாக ஆக வெடிப்பு விழும்.

பாயான் லெப்பாஸ் ஸ்பேனர்

இதில் அண்ணே பக்கம்தான் நானும். ஆனால் புஷ் போல்ட்டைத் தரையில் வைத்து இறுக்க எத்தனை வொர்க்‌ஷாப்புக்குத் தெரியும்? ஹோய்ஸ்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே இம்பேக்ட் கன்னில் அடித்துவிட்டுப் போகிறார்கள். தெரிந்தவன் எங்கே செய்தாலும் சரியாகத்தான் செய்வான்.

விற்கும்போது வரும் தொல்லையையும் யாரும் சொல்லவில்லை. பெயர் மாற்ற பி5 என்ற வாகனச் சோதனைக்குப் போக வேண்டும், அப்போது பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்ட வேண்டி வரலாம். அதனால் அதைத் தூக்கிப் போடாமல் எண்ணெய் தடவி வீட்டில் வையுங்கள். இன்சூரன்ஸிலும் சொல்லி வையுங்கள்.

பிறை போமன்

எல்லாக் கடையும் ஒழுங்கு என்று நான் சொல்லவே இல்லை. பின்பக்கத்தை வீட்டில் செய்வதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. முன்பக்க ஸ்பிரிங் மட்டும் சுவரில் போல்ட் அடித்த கம்ப்ரெசரில்தான் ஏற வேண்டும், கையில் பிடிக்கும் 60 வெள்ளி சாமானில் வேண்டாம். இதில் நான் மாற மாட்டேன்.

தம்பி, அப்சோர்பர் இரண்டையும் கழற்றி ஸ்பிரிங்கோடு அப்படியே எடுத்து வாருங்கள். மேல் நட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம். என் கடையில் பிரித்து, முனையைப் படியில் உட்கார வைத்துத் தருகிறேன். அரை மணி நேர வேலை. மீதியை நீங்களே வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஜெலுத்தோங் வெள்ளை மைவி

வீட்டில் செய்யலாம் என்பதை நான் இன்னும் விடவில்லை, அண்ணே. ஆனால் அந்தக் கம்ப்ரெசரைத் திரும்ப மாட்ட எனக்கும் மனசு வரவில்லை. சனிக்கிழமை காலை மச்சான் காடியில் இரண்டையும் போட்டு எடுத்து வருகிறேன். கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

பிறை போமன்

எட்டரைக்கு. மேல் பேரிங்கையும் கழற்றாமல் அப்படியே கொண்டு வாங்க.