பிரீமியர் பத்மினி: சூடேறியதும் பெட்ரோல் ஏறுவதில்லை

1985 மாடல் கார், 1089 சிசி. வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி, போன வாரம் வாங்கியது. முதல் ஓட்டம் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு. அரியாங்குப்பம் வரை சொன்ன பேச்சு கேட்டது. தவளக்குப்பம் தாண்டியதும் இழுவை குறைந்து, குலுங்கி நின்றுவிட்டது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான், ஸ்பார்க்கும் நீலமாக வருகிறது. ஆனால் பெட்ரோல் ஃபில்டர் காலி, அடியில் குமிழி மட்டும். கால் மணி நேரம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே கதை.

ஏசி பம்ப் (எஞ்சினால் இயங்கும் பெட்ரோல் பம்ப்) டயாஃப்ரம் கிட், ரப்பர் ஓஸ், ஃபில்டர் எல்லாம் மாற்றியாச்சு. டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டியும் மாற்றமில்லை, எனவே காற்றுத்துளை அடைப்பு இல்லை. பம்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் பேக்கலைட் துண்டில் விரிசல் கிடையாது. நின்றதும் பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் சற்று சீக்கிரம் எழுகிறது. அதனால் வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பது) சந்தேகம். ஐடிலில் எவ்வளவு நேரமும் ஓடும் (ஐடிலில் குடிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு, அதனால் இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது).

டேங்கை இன்னும் இறக்கவில்லை. உள்ளே துரு இருந்தால் ஓடும்போது உறிஞ்சுகுழாய் வாயை அடைத்து, நின்றதும் கீழே படியும், அறிகுறியும் இதேதான்.

டேங்கை இறக்காமல், இது துருவா வேப்பர் லாக்கா என்று பிரித்துப் பார்க்க என்ன வழி?