கன்கிரீஷனுக்குத் 'திரள்கல்'

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். மண்படிவுக்குள் கனிமம் ஓரிடத்தில் கூடி இறுகி உண்டாகும் கல்லைக் குறிக்கும் 'கன்கிரீஷன்' என்னும் புவியியற் சொல்லுக்குத் தமிழ்ப் பெயர்களாக இங்கே முன்வைக்கப்பட்ட உருண்டைக்கல், போலிமுட்டை, சூழ்திரள் ஆகிய மூன்றையும் படித்தேன். அண்மையில் குடும்பத்துடன் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தபோது, அம்மோனைட்டுகளை (சுருண்ட ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரிகளின் புதைபடிவங்களை) பார்த்துக்கொண்டு வந்த என் மகள் உருண்டையான கல் ஒன்றைக் காட்டி, "இது டைனோசர் முட்டையாப்பா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லத் தமிழில் நிலைபெற்ற பெயர் ஒன்று வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2009-இல் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் குவியலாகக் கிடைத்ததாகப் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அறிவித்தார்கள். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, அவையும் முட்டைகளே என்று செய்தி பரவியது. அவை அம்மோனைட்டைச் சூழ்ந்து இறுகிய படிவுகள் என்று அறிந்தவர்கள் பிறகு விளக்கினார்கள்.

டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் அப்பகுதியின் பெரும்பாலான இடங்கள் கடலடியாக இருந்தன. இறந்த உயிரி கடற்சேற்றில் புதைந்து அழுகும்போது, அதைச் சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மை மாறுவதால், நீரில் கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் மண்துகள்களின் இடுக்குகளில் படிந்து, பெரும்பாலும் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பருத்து, சுற்றியுள்ள படிவைவிடக் கெட்டியான கல்லாகிவிடுகிறது. பின்னாளில் மழை மென்மண்ணை அரித்துவிட, கல் மட்டும் தனித்து நிற்கிறது. முட்டையாக இருந்தால் நுண்துளைகள் கொண்ட மெல்லிய ஓடு இருக்க வேண்டும். இக்கல்லுக்கு ஓடே கிடையாது. பிளந்தால் வரிவரியான மேடுகளுடன் சுருண்ட அம்மோனைட்டோ, ஒரு சிப்பித் துண்டோ நடுவில் இருக்கும், சிலவற்றில் எதுவுமே இராது.

இந்த உருவாக்கத்தைச் சொல் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து. உருண்டைக்கல் வடிவத்தை மட்டும் சொல்கிறது. ஆற்றில் உருண்டு தேய்ந்த கல்லும் உருண்டைதான், கன்கிரீஷன்களிலோ தட்டையானவையும் கோணலானவையும் உண்டு. போலிமுட்டை என்பது நாம் மயங்கியதைக் கல்லின் மேல் ஏற்றிவிடுகிறது. அதை நான் ஏற்கவில்லை. சூழ்திரள் அழகான சொல், பொருளும் சரி. ஆனால் பேச்சில் ழகரம் நழுவினால் அது 'சூல்திரள்' என்றாகி, எந்த முட்டை மயக்கத்தை நீக்க நினைக்கிறோமோ அதையே திரும்பக் கொண்டுவந்துவிடும். அருங்காட்சியகப் பலகையில் எழுதவும், சிறுவர்களுக்கு வாயால் சொல்லவும் ஏற்ற சொல்லாக இருக்க வேண்டுமென்றால் இந்த இடரை ஒதுக்க முடியாது.

ஆகவே 'திரள்கல்' என்பதை முன்மொழிகிறேன். மோரில் பரந்து கிடக்கும் வெண்ணெய் ஓரிடத்தில் கூடுவதைத் திரள்வது என்கிறோம். சேற்று நீரில் பரந்திருந்த கனிமம் ஓரிடத்தில் கூடுவதும் அதே வினைதான். வினைத்தொகையாதலால் திரண்ட கல், திரள்கின்ற கல், திரளும் கல் என முக்காலத்துக்கும் பொருந்தும். கால்சைட் திரள்கல், இரும்புத் திரள்கல் என அடைகொடுத்து வழங்குவதும் எளிது. கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பாறையோடு குழம்பாதா என்று கேட்கலாம். அங்கே வேறிடத்துக் கற்கள் வந்து சேர்கின்றன, அது பாறை. இங்கே கல் இருந்த இடத்திலேயே உண்டாகிறது. அதற்கான பெயர் 'பாறை' என்றும் இதற்கான பெயர் 'கல்' என்றும் முடிந்தால் போதும்.

சிறு கனிமக் கட்டியைக் குறிக்கும் 'நாட்யூல்' என்பதற்கும் இதையே வைத்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூர் வட்டாரப் பாஸ்பேட் நாட்யூல்கள் புவியியல் ஏடுகளில் நெடுங்காலமாகத் தனிப் பெயரோடு வழங்கி வருகின்றன. அவற்றுக்குக் 'கல்முண்டு' என்று நினைத்திருக்கிறேன். மண்ணியலில் பழகிய நண்பர்கள் வேறு வழக்கு அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.