ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம்: கையால் செய்து பார்க்க என்ன கொடுக்கலாம்?

சுண்ணக்கட்டி:
வணக்கம். ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி, 42 பிள்ளைகள், 45 நிமிட பீரியட். க² + 5க + 6-ஐக் காரணிப்படுத்தக் (இரண்டு அடைப்புகளின் பெருக்கலாக எழுதக்) கொடுத்தால் "பெருக்கினால் 6, கூட்டினால் 5" என்று மளமளவென்று 2, 3 சொல்லிவிடுகிறார்கள். (எக்ஸுக்குப் பதிலாக 'க' என்று எழுதுகிறேன்.) எதற்காகப் பெருக்குகிறோம், எதற்காகக் கூட்டுகிறோம் என்று கேட்டால் பதில் வருவதில்லை. 2க² + 7க + 6 வந்தால் பாதி வகுப்பு பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. அட்டை வெட்டி அடுக்கும் முறையைச் செய்து பார்த்தவர்கள் அளவு, எண்ணிக்கை, சறுக்கும் இடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சமன்பாட்டுக்கும் வரைபடத்துக்கும் ஏதாவது இருந்தால் அதையும்.

அட்டைக்காரர்:
வணக்கம் டீச்சர். மூன்று வகைத் துண்டு போதும். 7.2 செ.மீ. சதுரம் (க²), 7.2 × 2 செ.மீ. பட்டை (க), 2 செ.மீ. சிறு சதுரம் (1). நீளத்தை 6 அல்லது 8 என்று வைத்துவிடாதீர்கள். மூன்று சிறு சதுரம் ஒரு பட்டைக்குச் சரியாக உட்கார்ந்தால், க என்றால் 3 என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். 7 என்றாலும் இரண்டு பட்டை ஏழு சதுரத்துக்குச் சமமாகிவிடும். 7.2-இல் நான்கு பட்டை வரைக்கும் எதுவும் பொருந்தாது.

ஒரு குழுவுக்குச் சதுரம் 3, பட்டை 10, சிறு சதுரம் 12. நான்கு பேருக்கு ஒரு குழு என்றால் 11 செட் வேண்டும். பெரிய சார்ட் இரண்டு வாங்குங்கள். ஒரு பக்கம் வண்ணம், மறுபக்கம் வெள்ளையாக இருக்கும் சார்ட்டாகப் பார்த்து எடுத்தால் வெள்ளைப் பக்கம் மைனஸுக்கு உதவும். முதலில் 7.2 செ.மீ. அகலத்தில் நீள நாடாவாக வெட்டிக்கொண்டு, அதிலேயே 7.2-க்கு ஒரு வெட்டுப் போட்டால் சதுரம், 2-க்கு ஒரு வெட்டுப் போட்டால் பட்டை. இப்படி வெட்டினால்தான் பட்டையும் சதுரமும் பிசகாமல் ஒட்டி நிற்கும். பிள்ளைகளையே வகுப்பில் வெட்டச் சொன்னால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விழும், "பொருந்தவில்லை சார்" என்று பீரியட் போய்விடும். முன்னாடியே வெட்டி, செட்டுக்கு ஒரு கவரில் போட்டுவிடுங்கள்.

விதி ஒன்றே ஒன்று: எல்லாத் துண்டையும் வைத்து ஓட்டையில்லாத செவ்வகம் அமைக்க வேண்டும். சதுரத்துக்கு வலப்பக்கமும் கீழேயும் பட்டைகள், மூலையில் சிறு சதுரங்கள். க² + 5க + 6-இல் மூலையில் ஆறையும் 1 × 6 ஆக அடுக்கினால் சுற்றி ஏழு பட்டை தேவைப்படும். கையில் ஐந்துதான் இருக்கிறது. 2 × 3 ஆக அடுக்கினால் ஐந்தும் சரியாக உட்காரும். செவ்வகத்தின் பக்கங்களான க + 2, க + 3 இரண்டும்தான் காரணிகள். பெருக்கல் மூலையில் இருக்கிறது, கூட்டல் பட்டையில் இருக்கிறது. இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் வாயிலிருந்து வரட்டும். அடுத்து க² + 4க + 6 கொடுங்கள். எப்படி அடுக்கினாலும் செவ்வகம் வராது. முழு எண்களில் காரணிப்படுத்த முடியாத கோவை என்பது அப்போது வெறும் வாசகமாக இருக்காது.

2க² + 7க + 6-க்கு இரண்டு பெரிய சதுரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வலப்பக்கம் 3 பட்டை, கீழே இரண்டு வரிசையில் 4 பட்டை, மூலையில் 6. அகலம் 2க + 3, உயரம் க + 2. வலப்பக்கம் 2, கீழே 3 வரிசை என்று மாற்றி வைத்தால் 8 பட்டை கேட்கும். 7-ஐ ஏன் 3, 4 என்று பிரிக்கிறோம் என்பது இங்கேதான் கண்ணில் படும்.

சுண்ணக்கட்டி:
நன்றி சார். க² − க − 6-ஐ எப்படி அடுக்குவது?

அட்டைக்காரர்:
வண்ணம் பிளஸ், வெள்ளை மைனஸ். சதுரம் 1, வெள்ளைப் பட்டை 1, வெள்ளைச் சிறு சதுரம் 6. ஆறையும் 2 × 3 ஆக மூலையில் வைத்தால் ஐந்து பட்டைக்கு இடம் இருக்கும், கையில் ஒன்றுதான். ஒரு வண்ணமும் ஒரு வெள்ளையும் சேர்ந்தால் பூச்சியம் என்பதால் அப்படி இரண்டு ஜோடியைச் சேர்க்கலாம். இப்போது வெள்ளை 3, வண்ணம் 2. வெள்ளையை வலப்பக்கமும் வண்ணத்தைக் கீழேயும் வையுங்கள்: (க − 3)(க + 2). ஆனால் மைனஸில் "பரப்பளவு" என்ற பொருள் நிற்காது, அது வெறும் கணக்கு வைக்கும் முறைதான். அதனால் பிளஸ் கணக்குகளில் இரண்டு பீரியட் ஊறிய பிறகே இதற்கு வாருங்கள்.

தராசுத்தட்டு:
சமன்பாட்டுக்கு அறிவியல் அறையின் இரட்டைத் தட்டுத் தராசைக் கேட்டு வாங்குங்கள். 2க + 3 = க + 7. மூன்று தீப்பெட்டியில் தலா 4 ஒரு ரூபாய் நாணயம், குலுங்காதபடி சம அளவு பஞ்சு. இடத்தட்டில் இரண்டு பெட்டியும் 3 நாணயமும். வலத்தட்டில் ஒரு பெட்டியும் 7 நாணயமும். வெறும் பெட்டிக்கும் எடை உண்டு என்பதை மறந்தால் தட்டு சாயும். பஞ்சு வைத்த காலிப் பெட்டி ஒன்றை வலத்தட்டின் அடியில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், கடைசிவரை சரியாக இருக்கும். நாணயங்கள் ஒரே வகையாக இருக்கட்டும். 2011-இல் அறிமுகமான வகை ஒரு ரூபாய் 3.79 கிராம், அதற்கு முந்தைய 25 மி.மீ. நாணயம் 4.85 கிராம், கலந்தால் கெட்டது.

"அந்தப் பக்கம் போனால் மைனஸ்" என்ற பாட்டை இது நிறுத்தும். எதுவும் எங்கேயும் போவதில்லை, இரண்டு தட்டிலிருந்தும் ஒரே அளவு எடுக்கிறோம், அவ்வளவுதான். க − 3 = 5 போன்றதற்குத் தராசு உதவாது, இழுத்துப் பொருத்தாதீர்கள்.

டீக்கப்:
வரைபடத்துக்குப் பேப்பர் கப். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி 5 கப், 10 கப் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கூட்டி அளந்தால் ஒரு மில்லிமீட்டர் பிழையே சாய்வை (ஒரு கப்புக்கு எவ்வளவு உயரம் கூடுகிறது என்பதை) கெடுத்துவிடும். உதாரணமாக 11.1 செ.மீ., 15.6 செ.மீ. என்றால் கப்புக்கு 0.9 செ.மீ. கூடுகிறது: உயரம் = 6.6 + 0.9க (இங்கே க என்பது கப்பின் எண்ணிக்கை). 6.6 என்பது ஒரு கப்பின் உயரம் என்று பலரும் எழுதுவார்கள். ஒரு கப் 7.5 செ.மீ., அளந்தாலே தெரியும். 6.6 என்பது அதிலிருந்து விளிம்பின் 0.9-ஐக் கழித்தது.

இன்னொரு வகைக் கப்பையும் அளக்கச் சொல்லி, எத்தனை கப்பில் இரண்டு அடுக்கும் ஒரே உயரம் வரும் என்று முதலில் கணக்குப் போடவிட்டு, பிறகு அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். 8.4 + 0.6க வந்தால் 6 கப்பில், 12 செ.மீ.-இல் சந்திக்கும். கப்பை அழுத்தி அடுக்கும் குழுவுக்கு விடை தள்ளிப்போகும், அதனால் அடுக்கை யாரும் கையால் அமுக்கக் கூடாது என்று அளக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.