பதில்: ஆடியோ கேமுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? – 'செவியாட்டம்' என்பது என் முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

படம் இல்லாமல் சத்தத்தை மட்டும் வைத்து ஆடுகிற ஆடியோ கேமுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் திரைவாசிப்பானில் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்கிற மென்பொருள்) வைத்து முழுக்கக் கேட்டேன். படித்தேன் என்று சொல்லாமல் கேட்டேன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொல் எழுத்தில் நன்றாக இருக்கிறதா, இலக்கணம் இடிக்கிறதா என்று பேசுகிறவர்கள் நாம். ஆனால் அந்தச் சொல்லை முதன்முதலாகச் சந்திக்கப் போகிறவர் பார்வை போய் ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகி வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற ஒருவர். அவர் காதில்தான் அது விழும், அதுவும் போனில் இருக்கிற இயந்திரக் குரலின் வாயால். அதனால் காதில் குழம்புகிற சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

> ஒலிநூல், ஒலிப்புத்தகம் எல்லாம் ஏற்கெனவே நிலைத்துவிட்டன. அதே வழியில் 'ஒலியாட்டம்' என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஐயா, முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை சென்னை தண்டையார்பேட்டையில் நாங்கள் வழக்கமாகக் கூடுகிற மாடியறையில் கேட்டும் பார்த்தேன். ஏழு பேர் இருந்தார்கள், அதில் நாலு பேர் புதியவர்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல், "ஒலியாட்டம்னு ஒண்ணு இருக்கு, என்னவா இருக்கும் சொல்லுங்க" என்றேன். ஒரு தம்பி, "லைட்டு போட்டு ஆடுறதா அண்ணா?" என்றான். கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற அம்மா, "ஒளிஞ்சி ஆடுறதா, ஐஸ்பாய் மாதிரி?" என்று கேட்டார். இன்னொருவர் அதை ஒயிலாட்டம் என்றே எடுத்துக்கொண்டு, தன் ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஏழு பேரில் ஒருவர்கூட சத்தம், காது என்ற பக்கம் வரவில்லை.

ஒலி என்றால் சத்தம், ஒளி என்றால் வெளிச்சம், ஒளி என்றாலே மறைந்துகொள் என்றும் பொருள். எழுத்தில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். நம்ம பக்கத்துப் பேச்சில் ல, ள, ழ மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும், அப்படித்தான் பேசி வளர்ந்திருக்கிறோம். இயந்திரக் குரலை வேகமாக ஓடவிட்டால் அங்கேயும் இதே கதைதான். பிரெயிலில் இந்தச் சிக்கலே கிடையாது: ஆறு புள்ளிக் கட்டத்தில் இடப்பக்க மூன்று புள்ளியும் இருந்தால் ல, வலப்பக்க மூன்று புள்ளியும் இருந்தால் ள, விரல் தவறவே தவறாது. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் பார்வை இழந்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெயில் தெரியாது, கற்றுக்கொள்ளும் மனநிலையில் வருவதும் இல்லை. ஒலிநூல் எப்படித் தப்பித்தது என்றால், வெளிச்சத்தோடு நூல் சேராது, அதனால் குழப்பம் வரவில்லை. ஆட்டம் சேரும். பார்வை போன ஒருவரிடம் போய் 'ஒளியாட்டம்' என்று கேட்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி வாருங்கள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

> சுருக்கமாக 'கேளாட்டம்' எப்படி? வினைத்தொகை, கச்சிதம்.

இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரி, கேள் + ஆட்டம். ஆனால் காதில் விழுவது 'கேளா'. கேளாதோர், கேளாச்செவி என்றுதான் ஞாபகம் போகும். கேட்டு ஆடுகிற ஆட்டத்துக்குக் கேட்காத ஆட்டம் என்று பெயர் வைத்தது போல ஆகிவிடும்.

'காதாட்டம்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். செவி என்பது புத்தகச் சொல், நம்மாட்கள் காது என்றுதான் சொல்வார்கள் என்ற வாதம் எனக்குப் பிடித்தது. ஆனால் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் அதைச் சொல்லிப் பாருங்கள், காத்தாடி என்றுதான் காதில் விழும். அன்றைக்கு மாடியிலும் அப்படியே நடந்தது, "காத்தாடியா? மாஞ்சா போட்டா போலீஸ் புடிக்கும்ணா" என்றான் அதே தம்பி.

அப்புறம் 'பார்வையற்றோர் விளையாட்டு'. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உள்ளே மணிகள் உருளுகிற பந்தை வைத்து ஆடும் பார்வையற்றோர் கிரிக்கெட் இருக்கிறது, 1998இல் டெல்லியில் அதற்கு உலகக் கோப்பையே நடந்தது. கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கிற சதுரங்கப் பலகை இருக்கிறது. அவையெல்லாம் வேறு வகை. நாம் பேசுவது கம்ப்யூட்டரிலோ போனிலோ திரையைப் பார்க்காமலே, சத்தத்தை மட்டும் வைத்து முழுக்க ஆடுகிற ஆட்டம். பார்வை உள்ளவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்களோடு சமமாக ஆடலாம், ஆடுகிறார்கள், பல நேரம் தோற்கிறார்கள். ஆடுகிறவரின் குறையைப் பெயராக வைத்துவிட்டால் புதிதாக வருகிறவர் வாசலிலேயே நின்றுவிடுவார். தனக்கு அந்தப் பெயர் ஒட்டிவிட்டது என்பதையே அவர் இன்னும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்த்தவர், சர்க்கரை விழித்திரையைக் கெடுத்துவிட்டது. இரண்டு வருஷம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவர் பெண் வற்புறுத்திக் கூட்டிவந்தாள். எதிரே வருகிற வண்டிகளைச் சத்தத்தை வைத்து இடமோ வலமோ விலகித் தப்பிக்கிற சின்ன ஆட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். வரிசையாக மோதிக்கொண்டே இருந்தார். "எனக்குக் காதும் போச்சு போல" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போனை வாங்கி அணுகல் அமைப்புகளில் தேடினால், மோனோ ஆடியோ என்ற பொத்தான் போட்டு விடப்பட்டிருந்தது. அது போட்டிருந்தால் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் போகும், இடமாவது வலமாவது. முன்பு ஒரு பக்க இயர்போன் கெட்டுப்போனபோது யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கழுத்து மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. "இது டீசல் வண்டி, பின்னாடிலேர்ந்து வருது, நாஸில் சரியில்ல" என்றார். அடுத்த முக்கால் மணி நேரம் ஹெட்போனைத் திரும்ப வாங்க முடியவில்லை. கீழே இறங்கும்போது வீட்டுக்குப் போன் போட்டு அவர் சொன்ன வாக்கியம்தான் எனக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தது: "காதாலயே ஆடினு இருந்தேன்மா."

காதாலேயே ஆடுவது. செவியால் ஆடும் ஆட்டம். அதுதான் செவியாட்டம்.

காது என்று அவர் சொன்னதைச் செவி என்று மாற்றியதற்குக் காத்தாடிதான் காரணம், வேறொன்றும் இல்லை. செவிவழிச் செய்தி, செவிவழிக் கதை என்று கேட்டிருக்கிறோம், அதனால் யாருக்கும் புரியாத சொல் இல்லை. எந்த வேகத்தில் ஓடவிட்டாலும் போன் தெளிவாகச் சொல்கிறது, வேறு எந்தச் சொல்லோடும் மோதவில்லை.

> 'ஓசையாட்டம்' என்றால் ல–ள சிக்கலும் இல்லையே?

இல்லைதான் அக்கா, என் பட்டியலில் இரண்டாவது இடம் இதற்குத்தான். ஆனால் ஓசை எல்லா ஆட்டத்திலும் இருக்கிறது, துப்பாக்கி சுடுகிற வீடியோ கேமில் இல்லாத ஓசையா? ஓசை என்பது கருவி தருவது, செவி என்பது ஆடுகிறவர் பயன்படுத்துவது. இந்த ஆட்டத்தின் உயிர் இரண்டாவதில் இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து வருகிற சத்தம் இடக் காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகிறது, அந்த வித்தியாசம் 1 மில்லி விநாடிகூடக் கிடையாது. தலையின் மறைவால் சற்றுக் குறைந்தும் கேட்கிறது. இந்த அற்ப வித்தியாசத்தை வைத்து மூளை திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது, அந்த வித்தையை ஹெட்போனுக்குள் செய்து காட்டுவதுதான் இந்த ஆட்டங்கள். அதனால்தான் புதியவர்களிடம் முதலில் ஹெட்போனில் எது இடம், எது வலம் என்று தடவிக் காட்டுகிறோம், புளூடூத் வேண்டாம், வயர் வைத்தது போதும் என்கிறோம் (புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும், நேரம் பார்த்து விலக வேண்டிய ஆட்டத்தில் அதுவே போதும் மோதுவதற்கு).

'ஆட்டம்' என்றால் அசைவதுதானே, யானை செவியாட்டுகிற மாதிரி ஆகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சீட்டாட்டத்தில் சீட்டு தானாக ஆடுவதில்லை, சீட்டை வைத்து நாம் ஆடுகிறோம், பந்தாட்டமும் அப்படியே. தமிழ் விக்கிப்பீடியாவிலும் வீடியோ கேமுக்கு நிகழ்பட ஆட்டம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் கேரம் போர்டைச் சுற்றி நிற்கிறவர்கள் "இன்னொரு விளையாட்டு விளையாடலாமா" என்று கேட்க மாட்டார்கள், "இன்னொரு ஆட்டம் போடு" என்பார்கள்.

எல்லையையும் இப்போதே வகுத்துவிடலாம், இல்லாவிட்டால் பின்னால் சண்டை வரும். 1997இல் ஜப்பானில் சேகா சாட்டர்ன் என்ற வீடியோ கேம் கருவிக்காக 'ரியல் சவுண்ட்' என்று படமே இல்லாத ஆட்டம் ஒன்று வந்தது, 2015இல் பிரான்சிலிருந்து போனுக்கு 'எ பிளைண்ட் லெஜெண்ட்', 2021இல் 'தி வேல்'. இவை செவியாட்டங்கள், செவிக்கென்றே கட்டப்பட்டவை. 2023இல் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' கார் பந்தயத்தில் பார்வையற்றவர் ஓட்டுவதற்கென்று ஓசை வழிகாட்டிகள் சேர்த்தார்கள். பெரிய விஷயம்தான், ஆனால் அது செவிவழி ஆடத்தக்க வீடியோ கேம், செவியாட்டம் இல்லை. இரண்டையும் கலந்து சொன்னால், புதியவர் கடையில் போய் விலை உயர்ந்த கருவி வாங்க வேண்டுமோ என்று பயந்துவிடுவார். கையில் இருக்கிற போனே போதும் என்பதுதான் நாம் அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது.

துணைச் சொற்கள் இரண்டு மட்டும் இப்போதைக்கு. திசையையோ ஆபத்தையோ காட்டுகிற சின்னச் சத்தத்துக்கு ஓசைக்குறி (ஒலிக்குறி என்றால் மறுபடியும் அதே ல–ள வம்பு). இரண்டு காதுக்கும் தனித்தனியாகத் திசையோடு பதிவு செய்வதற்கு இருசெவிப் பதிவு. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஒன்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. நல்ல ஆட்டங்கள் அநேகமாக எல்லாம் ஆங்கிலத்தில் பேசுகின்றன. பெயரைத் தமிழில் வைத்து அழைத்து, உள்ளே போனதும் ஆங்கிலக் கதை ஓடினால் வந்தவர் ஏமாந்துபோவார். அதனால் முதல் மாதம் பேச்சு குறைவான ஆட்டங்களையே கொடுப்போம், கதை ஆட்டங்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வரட்டும். ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கும் ஆட்டமும் ஒரே விரல் இழுப்புக்குப் போட்டி போடும், அப்போது ஒலியளவுப் பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து டாக்பேக்கை நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள், திரும்பப் போடவும் அதேதான். இது தெரியாமல் முதல் நாளே விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும்.

அழைப்பைச் சுவரொட்டியாக அடிக்க வேண்டாம், யார் பார்ப்பது? வாட்ஸ்அப்பில் போடுகிற மாதிரி அரை நிமிடக் குரல் பதிவு. நான் எழுதி வைத்திருப்பது இது: "வணக்கம். போன் இருக்கா, வயர் வெச்ச ஹெட்போன் இருக்கா, அது போதும். காதாலயே ஆடுற ஆட்டம் ஒண்ணு இருக்கு, பேரு செவியாட்டம். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குத் தண்டையார்பேட்டைக்கு வாங்க. துணைக்கு ஆள் இல்லன்னா சொல்லுங்க, மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்கிறோம்."

அந்த எஞ்சின்காரர்தான் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஞாயிறு காலை பதிவு செய்கிறோம், அதனால் செவியாட்டம் என்பதில் யாருக்காவது மறுப்பு இருந்தால் சனி இரவுக்குள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் உங்கள் சொல்லைப் போனில் தட்டச்சு செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து