பழைய ஜாஸ் பேஸ்: ஜி கம்பியில் ஒரு இடத்தில் மட்டும் சத்தம் அமுங்குகிறது, உதவி தேவை

கேள்வி:
மெல்லிசைக் குழுவில் வாசித்த மாமா தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸ் கிட்டாரை எனக்குக் கொடுத்துவிட்டார். 1972-ல் செய்தது என்கிறார். இ, ஏ கம்பிகள் நெஞ்சில் வந்து முட்டுகின்றன. ஆனால் ஜி கம்பியில் 5, 6-ஆவது ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டு மாதிரி) மட்டும் ‘டும்’ என்று எழும்பி உடனே அடங்கிவிடுகிறது. புதுக் கம்பி மாட்டினேன், உயரத்தை ஏற்றினேன், பலனில்லை. கடையில் பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்), வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

நாலுகம்பி:
தம்பி, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். பிக்கப் கெட்டால் கம்பி முழுக்கச் சத்தம் குறையும், ஒரு ஃப்ரெட்டோடு நிற்காது. இது டெட் ஸ்பாட். அந்தச் சுரத்தின் அதிர்வும் நெக்கின் (கிட்டார் கழுத்தின்) சொந்த அதிர்வும் ஒத்துப்போவதால், கம்பியின் பலத்தை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. புத்தம் புது ஃபெண்டரிலும் இது உண்டு. கழுத்தின் நுனியிலுள்ள ஹெட்ஸ்டாக்கில் துணி சுற்றி ஒரு சின்ன ஜி-கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி) மாட்டி வாசித்துப் பாருங்கள். அந்தக் கனத்தில் டெட் ஸ்பாட் இடம் மாறும்.

கேள்வி கேட்டவர்:
மாட்டினேன் அண்ணா. ஐந்தில் நன்றாக நீள்கிறது! நாலில் லேசாகக் குறைகிறது, பரவாயில்லை. அப்புறம் கன்ட்ரோல் பிளேட்டைக் கழற்றினேன். வால்யூம் பாட் முதுகில் 1377124 என்று இருக்கிறது. என்ன அது?

பழையசரக்கு:
137 என்றால் பாட் செய்த சிடிஎஸ் நிறுவனம். 71 என்றால் 1971-ஆம் வருடம், 24 என்றால் அதன் 24-ஆவது வாரம். பாட் வாங்கி வைத்துப் பிறகு பொருத்துவார்கள், ஆக மாமா சொல்லும் 1972 பொருந்துகிறது. அதைப் பிடுங்கிப் போட்டால் வயதுக்கான சாட்சியும் போச்சு, விலையும் போச்சு. ஃபெண்டர் 1965-ல் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு வந்தவை எல்லாம் மட்டம் என்பார்கள். நான் நம்பவில்லை. எழுபதுகளில் ஒன்று தங்கம், இன்னொன்று விறகு. கையில் எடுத்து வாசித்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று, பழைய பேஸ் சத்தத்தில் பாதி கம்பியில் இருக்கிறது. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையான, வழவழப்பான) கம்பியை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம். மாமா போட்டிருந்த கம்பியை என்ன செய்தீர்கள்?

கேள்வி கேட்டவர்:
கேஸுக்குள் தினத்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்று ராத்திரியே திரும்ப மாட்டுகிறேன்.